ஈயச் சுவர் எழுப்பினால் போதுமா?

"எக்ஸ்ரே எடுப்பவர்கள் ஈய ஏப்ரன் போடுகிறார்களே, செவ்வாய்க்குப் போகும் விண்கலத்துக்கும் கனமான ஈயச் சுவர் வைத்தால் கதிர்வீச்சுப் பயம் தீராதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் தீராது. சுமையை விடுங்கள், ஈயமே அங்கே சரியான பொருள் இல்லை.

எக்ஸ்ரே என்பது ஒளியின் இனம். ஈயம் அதை விழுங்கிவிடும். பூமியின் காந்தப்புலத்தைத் தாண்டினால் எதிர்ப்படும் அண்டக் கதிர்களோ, ஒளிவேகத்தை நெருங்கிப் பாயும் துகள்கள். பெரும்பாலும் புரோட்டான்கள், நூற்றில் ஒன்று போல இரும்பு மாதிரியான கனத்த அணுக்கருக்களும் உண்டு. அப்பல்லோ வீரர்கள் இருட்டில் கண்ணை மூடியிருந்தபோதும் ஒளிப்பொறிகளைக் கண்டார்கள். இந்தத் துகள்கள் விழித்திரையைத் துளைத்துப் போன தடம் அது.

இப்படி ஒரு துகள் ஈயத்தில் மோதினால் ஈயத்தின் அணுக்கருவே உடையும். உடைந்த சில்லுகளும் நியூட்ரான்களும் உள்ளே இருப்பவர் மேல் தெறிக்கும். அதனால்தான் ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும் எடைக்கு எடை ஈயத்தைவிட மேல். ஹைட்ரஜன் கருவில் இருப்பது ஒரே புரோட்டான்; அதில் உடைந்து சிதற வேறொன்றும் இல்லை.

சூரியன் திடீரென்று துகள்களை வாரி வீசும் சூரியப் புயல் வேறு கதை. 1972 ஆகஸ்டில் ஒரு பெரும் புயல் அடித்தது. அப்பல்லோ 16 ஏப்ரலிலேயே திரும்பிவிட்டது, 17 கிளம்பியது டிசம்பரில். இடையில் யாரும் நிலவில் இல்லாதது வெறும் அதிர்ஷ்டம். ஆனால் சூரியப் புயலின் துகள்களுக்கு வேகம் குறைவு, தடுத்துவிடலாம். நாசாவின் ஓரியன் விண்கலத்தில் வீரர்கள் தரைக்கடியில் உள்ள சாமான் அறைகளுக்குள் ஒடுங்கி, பைகளைச் சுற்றி அடுக்கிக்கொள்வதுதான் ஏற்பாடு.

அண்டக் கதிரிடம் அது பலிக்காது. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி 2011-12இல் செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது நாளுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). பூமியில் இயற்கையாக நமக்கு ஆண்டு முழுக்கச் சேருவது சராசரியாக 2.4, அங்கே ஒன்றரை நாளுக்குள் சேர்ந்துவிடும். போய்வர 360 நாள் என்றால் சுமார் 660. நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பே 600தான். செவ்வாயில் தங்கும் நாட்களை இன்னும் கூட்டவில்லை! அதன்பின் புற்றுநோய் அபாயத்தை எப்படி லேசாக எடுத்துக்கொள்வது?

ஆகவே என்னைக் கேட்டால், சுவரைத் தடிமனாக்குவதைவிட வேகமான எஞ்சினுக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும். போய்வர 180 நாள் போதும் என்றானால், அதே கணக்கில் 660 என்பது 330 ஆகிவிடும்.