வாசகர் கேள்விகள்: வீட்டிலேயே ஆடிஷன் வீடியோ

கேள்வி: ஆடிஷனுக்கு வீட்டிலேயே நடித்து வீடியோ அனுப்பச் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது பத்துக்குப் பத்து அறை, செல்போன், ஒரு ரிங் லைட். எடுத்துப் பார்த்தால் பின்சுவரில் கருப்பாக நிழல். மூக்கு வேறு பெரிதாகத் தெரிகிறது. என்ன கோளாறு?

பதில்: சுவரை ஒட்டி நிற்கிறீர்கள், போனையும் முகத்துக்குக் கிட்டே வைத்திருக்கிறீர்கள். ஒன்றரை அடியில் போன் இருந்தால், லென்ஸுக்குக் காது இருக்கும் தூரத்தைவிட மூக்கு ரொம்பவே பக்கம். அதனால்தான் புடைத்துத் தெரிகிறது. போனை 5 அடி தள்ளி, கண் மட்டத்தில் வைத்து, 2 மடங்கு ஜூமில் எடுங்கள். சுவரிலிருந்து 3 அடியாவது விலகி நில்லுங்கள். கட்டில் இடைஞ்சல் என்றால் அறையின் மூலைக்கு மூலை பயன்படுத்தலாம், 14 அடி கிடைக்கும். மூலையில் குறுக்கே கயிறு கட்டி, இஸ்திரி போட்ட சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிடுங்கள். வெள்ளைத் துணி வேண்டாம். வெளிச்சம் அதிகம் என்று கேமரா கணக்குப் போட்டு முகத்தை இருட்டாக்கிவிடும்.

ரிங் லைட்டை நேர் எதிரே வைத்தால் கண்மணியில் வளையம் விழும். கண்ணாடி போட்டவர் என்றால் கேட்கவே வேண்டாம். 45 டிகிரி பக்கவாட்டில், கண்ணுக்குச் சற்று மேலே வையுங்கள். நிழல் பக்கவாட்டில் விலகி ஃபிரேமின் ஓரத்துக்குப் போய்விடும். மறுபக்கம் 2 அடியில் வெள்ளைத் தெர்மாகோலை நிறுத்தினால் இருண்ட கன்னம் தெளியும். அறையின் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி முகம் மஞ்சள், பாதி நீலம். வீடியோவில் கோடு கோடாக ஓடினால் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளி வாங்கும் நேரம்) 1/50 விநாடியில் பூட்டுங்கள் (மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60).

கேள்வி: குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. எதிர்வசனம் படிக்கும் தங்கையின் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது.

பதில்: அறை நடுவில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஒலி இழுத்தால் வெறும் சுவர்தான் காரணம். உங்கள் குரல் முதலில் மோதுவது போனுக்குப் பின்னால் உள்ள சுவரில். தடித்த கம்பளியை அங்கே தொங்கவிடுங்கள். பலரும் முதுகுப் பக்கம் மட்டும் தொங்கவிட்டு ஏமாறுகிறார்கள். தரைக்கு ஒரு விரிப்பு. பஞ்சுப் பலகை ஒட்டினால் தெருச் சத்தம் நிற்கும் என்பது வீண் நம்பிக்கை, அது அறைக்குள் எதிரொலியை மட்டுமே குறைக்கும். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். சங்கிலி, துப்பட்டா உரசினால் அந்த டேக் வீண்தான்.

தங்கை லென்ஸை ஒட்டி, உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். போனின் மைக்கிலேயே பதிவு செய்தால் அவர் வாய் அதற்குப் பக்கத்தில் இருக்கும். பாதிக் குரலில் படித்தால் போதும். அவர் நடிக்கவும் வேண்டாம்.

கேள்வி: போனை நிமிர்த்தி எடுப்பதா, படுக்கைவாட்டிலா?

பதில்: அவர்கள் கேட்டபடி. ஒன்றும் சொல்லவில்லை என்றால் படுக்கைவாட்டில், பின்கேமராவில், 1080பி போதும். நெஞ்சிலிருந்து உச்சிவரை ஃபிரேம். திரையில் தெரியும் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, 10 விநாடி எடுத்து ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஃபேனை நிறுத்த மறந்தது அப்போதுதான் தெரியும்.