மேம்படுத்தத் தொடங்கிய பிறகு பழைய டர்போ காரில் கோளாறுகள் தலைகாட்டுகின்றன: இன்ஜின் இப்போது கெட்டதா, முன்பே கெட்டிருந்ததா?

பெரிய இன்டர்கூலரும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) அகலமான எக்ஸாஸ்ட் குழாயும் பொருத்தி, ட்யூனிங் மூலம் பூஸ்ட்டையும் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) உயர்த்திய பிறகு, மேட்டில் ஏறும்போது இன்ஜின் மிஸ் ஆகிறது (சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் திணறுகிறது), ஆயிலும் குறைகிறது, இந்த மாற்றங்கள்தாம் இன்ஜினைக் கெடுத்துவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. கோளாறு முன்பே உள்ளே இருந்திருக்கும். தொழிற்சாலை வைத்த குறைந்த பூஸ்ட்டில் அது வெளியே தெரியாமல் காலம் தள்ளியிருக்கும். இதை நான் ஒரு பிஸ்டனைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டவன் என்பதால், நடந்ததையே முதலில் எழுதுகிறேன்.

என்னுடையது நான்கு சிலிண்டர், இரண்டு லிட்டர் பெட்ரோல் டர்போ. நான் வாங்கும்போது அதற்கு வயது 16. நான் மூன்றாவது உரிமையாளர். ஐடிலிங் சீராக இருந்தது, புகை இல்லை, பிக்கப் நான் எதிர்பார்த்ததை விட நன்றாகவே இருந்தது. எதிர்பார்த்ததை விட நன்றாக இருந்ததற்கு நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், மகிழ்ச்சியடைந்தேன்.

முதல் வேலையாக, உப்பிப்போன ரப்பர் ஹோஸ்களைக் கழற்றிவிட்டுச் சிலிக்கோன் ஹோஸ்களை மாட்ட உட்கார்ந்தேன். வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸின் நடுவில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. சூட்டில் அதன் பசை தார் போல இளகிக் கையில் ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பித்தளையில் ஒரு டி-இணைப்பு. அதன் மூன்றாவது காலை அடைத்திருந்த மூடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை.

அந்தத் துளை எதற்கு என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. டர்போவின் அழுத்தம் அந்த ஹோஸ் வழியாக ஆக்சுவேட்டரை அடைந்து, குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் வேஸ்ட்கேட்டைத் திறந்து, எக்ஸாஸ்ட் வாயுவின் ஒரு பகுதியை டர்பைனைச் சுற்றி வெளியே அனுப்பிவிட வேண்டும். வழியில் ஒரு துளை இருந்தால் அழுத்தத்தில் ஒரு பங்கு அங்கேயே கசிந்துவிடும், ஆக்சுவேட்டர் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். டேஷ்போர்டில் பூஸ்ட் மீட்டர் இல்லாத கார் என்பதால் யாருக்கும் தெரியாது. டி-இணைப்பை அப்படியே வைத்துக்கொண்டு தற்காலிகமாக ஒரு மீட்டரை இணைத்துப் பார்த்தேன். 0.6 பார் காட்ட வேண்டிய இடத்தில் முள் 0.95 வரை போனது. ஆக எனக்கு முன்னால் யாரோ, எரிபொருள் பக்கம் எதையும் தொடாமல், இந்தக் காரைச் செலவில்லாமல் 'மேம்படுத்தி' எத்தனையோ ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்.

இங்கே நான் செய்த தவறுதான் உங்களுக்குப் பயன்படும். டி-இணைப்பைத் தூக்கிப் போட்டதோடு பழைய கணக்குத் தீர்ந்தது என்று எண்ணி, உள்ளே என்ன சேதம் ஆகியிருக்கிறது என்று அளந்து பார்க்காமலேயே இன்டர்கூலரை மாட்டி, முறையான ட்யூனிங்கோடு பூஸ்ட்டை 0.9 பாராக உயர்த்தினேன். நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளுக்கு மேல் மிஸ்ஸிங் தொடங்கியது. இக்னிஷன் காயில்களை மாற்றினேன். பிளக் இடைவெளியை 0.8 மில்லிமீட்டரிலிருந்து 0.65 ஆகக் குறைத்தேன். சிலிண்டரில் அழுத்தம் கூடக்கூட அந்த இடைவெளியைத் தாண்டுவது தீப்பொறிக்குக் கடினம் என்பதால், இடைவெளியைக் குறைத்ததும் மிஸ்ஸிங் பாதி அடங்கியது. பாதி அடங்கியதை முழுவதும் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

பிறகு ஒருநாள் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தபோது, மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மட்டும் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள் இருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்ததில் அவற்றில் சில வெள்ளியாக மின்னின. பிஸ்டனின் அலுமினியம் அது. அன்றே கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தம்) பார்த்தேன்: 10.6, 10.4, 7.7, 10.5 பார். மூன்றாவது சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்ததில் 9.8க்கு ஏறியது. வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு என்றால் ஆயில் விட்டாலும் எண் அவ்வளவாக ஏறாது. ஏறினால் கசிவு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பக்கம். ஹெட்டை இறக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்தபோது, முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய வரப்பு நகக்கண் அளவுக்குப் பிளந்து, துண்டு ரிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அது நாக்கிங்கின் வேலை, அதாவது சிலிண்டரில் கலவை தீப்பொறிக்குக் கட்டுப்படாமல் தானாகவே வெடிப்பதன் வேலை. நாக்கிங்குக்கும் டர்போ கார்களுக்கும் பகை புதிதல்ல; 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், 10.25:1 என்ற உயர்ந்த கம்ப்ரஷன் விகிதத்தில் டர்போவை வைத்ததால், நாக்கிங்கைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் சுமந்துகொண்டே வந்தது. என் காரில் நாக்கிங் வரக் காரணம் டி-இணைப்பு மட்டுமல்ல. ஃபியூயல் பம்ப்பின் முனையில் முழு ஆக்சிலேட்டரில் மின்னழுத்தம் அளந்தால் 11.2 வோல்ட், அதே நேரத்தில் பேட்டரியில் 13.8. பழைய கனெக்டரில் பூத்திருந்த பச்சைக் களிம்பு மீதியைத் தின்றிருந்தது. இன்ஜெக்டருக்கு மூன்று பார் எரிபொருள் அழுத்தம் என்றால், 0.9 பார் பூஸ்ட்டில் அது 3.9 ஆக உயர வேண்டும். தளர்ந்த பம்ப்பால் அந்த நேரத்தில் அது முடியாது. ஆகவே காற்று அதிகம் வரும் அதே கணத்தில் பெட்ரோல் குறைந்தது. மெதுவாக ஓட்டும்போது இது எதுவுமே தெரியாது.

உங்கள் காருக்கு வருகிறேன். இப்போதைக்குப் பூஸ்ட்டைத் தொழிற்சாலை அளவுக்கு இறக்கிவிட்டு, முதலில் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனையும் இன்ஜெக்டர்களையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எடுத்த எண்ணை நம்பிப் பதறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தனித்தனி எண்களை விட அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஒரு சிலிண்டர் பின்தங்கினால், வேறு எதையும் மாற்றாதீர்கள்.

எண்கள் சமமாக இருந்தால், ஆயில் குறைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது டர்போவை அல்ல, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வை. பூஸ்ட் ஏறும்போது அது மூடிக்கொள்ள வேண்டும். பழசாகி மூடாமல் போனால் பூஸ்ட் நேரே கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ஆயில் சீல்கள் கசியும். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால் மட்டுமே சம்ப்புக்கு (அடியில் உள்ள ஆயில் தொட்டி) வடிகிறது என்பதால், கீழே அழுத்தம் இருந்தால் வடியாமல் தேங்கி, சீலைத் தாண்டிப் புகையாக வெளிவரும். இதைப் பார்த்துவிட்டு நல்ல டர்போவைத் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டி, அதுவும் புகைந்ததும் அது போலிச் சரக்கு என்று முடிவு கட்டுவார்கள்.

மிஸ்ஸிங்குக்குப் பூஸ்ட் கசிவையும் பாருங்கள். டர்போவின் காற்று நுழையும் வாயை மூடியால் அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக, ஓட்டும்போது வரும் பூஸ்ட் அளவுக்கு மட்டும் காற்றைச் செலுத்தி, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். காற்றின் அளவை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அளக்கும் காராக இருந்தால், அளந்த காற்று வழியிலேயே கசிய, கணினி அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் தெளிக்கும். கலவை தடித்து இன்ஜின் திணறும். புது இன்டர்கூலரின் கிளாம்ப்கள் முதலிரண்டு வாரத்தில் தளர்வது வழக்கம் என்பதால், நீங்கள் சந்தேகிக்கும் 'மேம்பாட்டுக் கோளாறு' இதுவாகவும் இருக்கலாம்.

ட்யூனிங் செய்பவரிடம் பெட்ரோலைக் கூட்டி, இக்னிஷனைப் பின்தள்ளி மிஸ்ஸிங்கை அடக்கச் சொல்லாதீர்கள். அவரால் முடியும், ஆனால் கோளாறு உள்ளே அப்படியே மறைந்திருக்கும், அதனால்தான் சொல்கிறேன். கம்ப்ரஷன் எண்கள் கிடைத்ததும், எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று தெரியும்படி நான்கையும் வரிசையாக வைத்துப் படமெடுத்து, எண்களோடு சேர்த்துப் போடுங்கள்.