கட்டுரை நோட்டு, ஒற்றுப்பிழை, வீட்டுப்பாடம்: தமிழ் டீச்சரிடம் கேளுங்கள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பல வருடங்களாகத் தமிழ் எடுத்துவருகிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் சில ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளைச் சுருக்கி, எனக்குத் தெரிந்த பதிலோடு தருகிறேன்.

கேள்வி (ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா): கட்டுரை எழுதச் சொன்னால் 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறான். இது சரியா டீச்சர்?

பதில்: நீங்கள் சொல்லி அவன் எழுதினால் அது உங்கள் கட்டுரைதானே அம்மா. முன்னுரையை விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்றே தெரியாதபோது முன்னுரை எப்படி வரும்?

போன வருடம் 'மழை' என்று தலைப்புக் கொடுத்தேன். பாதி நோட்டுகளில் "மழை இல்லாவிட்டால் உயிர்கள் வாழ முடியாது" என்பதுதான் முதல் வரி. தப்பில்லை. ஆனால் யாரும் அதை நினைத்து எழுதவில்லை, கை பழக்கத்தில் எழுதிவிட்டது. நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, "கடைசியாக நீ நனைந்தது எப்போது? அப்போது கையில் என்ன இருந்தது?" என்று மட்டும் கேட்டேன். எப்போதும் ஐந்து வரியோடு நிறுத்திவிடும் ஒரு பெண், "பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தே ஓடினேன். முதுகு முழுக்க ஈரம். நோட்டில் ஒரு சொட்டுகூடப் படவில்லை" என்று எழுதினாள். அதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் தடையில்லாமல் வந்தது. முன்னுரையைத் தனித்தாளில் எழுதி, மேலே ஒட்டிக்கொண்டு வந்தாள். உங்கள் பையனிடமும் இப்படி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவன்): டீச்சர், ஒற்று எங்கே போடணும், எங்கே போடக்கூடாது? ஒவ்வொரு தேர்விலும் இதில்தான் மார்க் போகுது.

பதில்: விதிகள் நிறைய இருக்கின்றன கண்ணா. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இப்போதைக்கு நான்கு போதும். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று வரும்: அந்தப் பாடம், எந்தச் சொல். அது, இது, எது என்பவற்றுக்குப் பின் வராது: அது பெரிது, எது கடினம். 'ஐ' உருபு வெளிப்படையாக இருந்தால் வரும்: பாடத்தைப் படித்தேன். 'கு' உருபுக்குப் பின்னும் வரும்: பள்ளிக்குப் போனேன்.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றினால் இதைப் பார். 'வேலை கொடுத்தான்' என்றால் செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையிலிருந்த வேல் என்னும் ஆயுதத்தைக் கொடுத்தான். ஒரு 'க்' அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது! இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இன்னொன்று. 'கற்க கசடற' என்று குறளில் படிக்கிறாய். அங்கே ஏன் 'கற்கக் கசடற' இல்லை? அது வியங்கோள் வினைமுற்று, அதாவது வாழ்த்தவும் வேண்டவும் கட்டளையிடவும் வரும் வினை. அதன்பின் வல்லினம் மிகாது, ஒற்று வராது. 'வாழ்க தமிழ்' என்பதும் அப்படித்தான். எழுதி முடித்ததும் வாய்விட்டு ஒருமுறை படி. பாதிப் பிழையைக் காதே பிடித்துக்கொடுக்கும்.

கேள்வி (ஒரு அப்பா): மகளுக்கு ந, ன, ண மூன்றும் குழப்பம். பயிற்சி நோட்டு வாங்கிக் கொடுத்தும் மாறவில்லை.

பதில்: நெடுங்கணக்கை, அதாவது எழுத்து வரிசையை, ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள் சார். ட-வுக்கு அடுத்து ண, த-வுக்கு அடுத்து ந, ற-வுக்கு அடுத்து ன. பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் சொல்லுக்குள்ளும் சேர்ந்தே வரும்: வண்டி, பந்து, கன்று. அதனால்தான் அவற்றை டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்கிறோம். அப்புறம், சொல்லின் முதலில் ந மட்டுமே வரும், மற்ற இரண்டும் வராது. இதைத் தெரிந்துகொண்டால் மிச்சம் இருப்பது மனம், மணம் போன்ற சோடிகள். அவற்றைப் படிக்கப் படிக்கத்தான் பழக வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியர்): 40 கட்டுரை நோட்டுகள். எல்லாப் பிழையையும் சுழித்துத் திருத்தித் தருகிறேன் அக்கா. அடுத்த கட்டுரையில் அதே பிழைகள். பத்து முறை எழுதிவரச் சொல்லியும் பலன் இல்லை.

பதில்: திருத்தும் வேலையை நீங்களே செய்துவிட்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம் தம்பி? பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் மார்க்கைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். இப்போது ஒரு கட்டுரைக்கு ஒரு பிழை வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த முறை ஒற்று என்றால் ஒற்று மட்டும். பிழையைச் சுழிப்பதில்லை. பிழை இருக்கும் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். எங்கே என்று அவர்களே தேட வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம், அகராதி பார்க்கலாம். அப்புறம் அந்தப் பத்தியை மட்டும் புதிதாக எழுத வேண்டும், மொத்தக் கட்டுரையையும் அல்ல.

பத்து முறை எழுதச் சொல்வதை விட்டுவிடுங்கள். அவர்கள் எழுதும்போது ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். வரி வரியாக எழுத மாட்டார்கள். முதல் சொல்லை மேலிருந்து கீழே பத்து முறை, அடுத்து இரண்டாவது சொல்லைப் பத்து முறை என்று தூண் எழுப்பிக்கொண்டு போவார்கள். வாக்கியம் ஒருமுறைகூட மனதுக்குள் போகாது.

கேள்வி: கட்டுரை எத்தனை பக்கம் எழுதணும் டீச்சர்?

பதில்: பக்கத்தை எண்ணாதே. படிப்பவருக்கு 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற கேள்வி மிச்சமில்லையா என்று பார்.

கேள்வி (ஆசிரியை): செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு அப்படியே எழுதிவருகிறார்கள். கண்டிப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?

பதில்: முதல் பத்தியை வகுப்பிலேயே எழுத வையுங்கள், மிச்சம் வீட்டில். குறிப்பு, முதல் படி, திருத்திய படி மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் மார்க் குறையும் என்ற பயம் போய்விட்டாலே பாதி பேர் சொந்தமாக எழுதுவார்கள். சந்தேகம் வந்தால் திட்டாமல், "இந்த வரியை எனக்கு விளக்கிச் சொல்லு" என்று கேளுங்கள்.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவி): கதையில் பேச்சுத்தமிழ் எழுதினேன். தப்பு என்று போட்டுவிட்டார்கள்.

பதில்: பாத்திரம் பேசும் இடத்தில், மேற்கோள் குறிக்குள் தாராளமாக எழுதலாம். பாட்டி "எங்கேடி போனே?" என்றுதான் கேட்பார், "எங்கே சென்றாய்?" என்று கேட்க மாட்டார். கதை சொல்லும் வரிகளை மட்டும் எழுத்துத்தமிழில் வைத்துக்கொள். குறி போட்டிருந்தாயா என்று நோட்டை எடுத்துப் பார். போட்டிருந்தால் உன் டீச்சரிடம் மரியாதையாகப் போய்க் கேள்.

கேள்வி (பெற்றோர்): அர்த்தம் புரியாமல் செய்யுளை மனப்பாடம் செய்வதால் என்ன பயன்?

பதில்: புரியாமல் செய்தால் பயன் குறைவுதான். ஆனால் மனப்பாடமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குறள் என்றால் ஏழு சீர், முதல் அடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று. முதலில் சீர் பிரித்துத் தாளத்தோடு சொல்ல வேண்டும், பிறகு சொல் பிரித்துப் பொருளோடு. இரண்டாவதைத்தான் நாம் அவசரத்தில் விட்டுவிடுகிறோம்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவி): பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் கை நடுங்குது. ஒரு சொல் தடுக்கினால் எல்லாரும் சிரிக்கிறாங்க.

பதில்: சிரிப்பதை நிறுத்துவது டீச்சரின் பொறுப்பு, உன் பொறுப்பு இல்லை. அதை அவரிடம் தனியாகச் சொல்லு, எழுதியும் கொடுக்கலாம். கூடவே, நாளைக்கு நீ வாசிக்க வேண்டிய பத்தி எது என்று இன்றே கேட்டு வாங்கிக்கொள். வீட்டில் பென்சிலால் நிறுத்தும் இடங்களில் சின்னக் கோடு போடு. நீளமான சொல் வந்தால் இரண்டாகப் பிரித்துப் பழகு. தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஆளுக்கொரு வரியாக மூன்று முறை வாசி. என் வகுப்பில் இப்படித் தொடங்கிய ஒரு பெண், முதல் வாரம் இரண்டு வரிதான் வாசித்தாள். மூன்றாம் வாரம் நான் "போதும்மா, உட்கார்" என்றபோது, "இந்தப் பத்தியை முடிச்சிடறேன் டீச்சர்" என்றாள்.