மேஜிக் காளான் என்பது ஒரே இனமா? இயற்கையில் எங்கே வளர்கிறது?

ஒரே இனம் இல்லை. மனமயக்கம் தரும் சைலோசைபின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கும் காளான் இனங்கள் நூற்றுக்கும் மேல். பெரும்பாலானவை சைலோசைபி பேரினம். பனேயோலஸ், ஜிம்னோபைலஸ், புளூட்டியஸ் பேரினங்களிலும் சில உண்டு. எது எங்கே முளைக்கும் என்பதை அதன் இரைதான் தீர்மானிக்கிறது.

சைலோசைபி கியூபென்சிஸ் சாணத்தை மட்க வைப்பது. கியூபாவில் கிடைத்த மாதிரியை வைத்துக் காளான் ஆய்வாளர் ஏர்ல் 1906இல் அதை விவரித்தார். வெப்பநாடுகளில் மழைக்குப் பின் மாட்டுச் சாணத்தில் வரும். பனேயோலஸ் சயனெசென்ஸும் சாணக் காளான்தான்; பெர்க்லியும் புரூமும் 1871இல் அதை முதலில் விவரித்தது இலங்கை மாதிரியிலிருந்து. ஐரோப்பாவின் சைலோசைபி செமிலான்சியேட்டா ஆடு மாடு மேயும் ஈரப் புல்வெளியில் இலையுதிர் காலத்தில் வரும். ஆனால் சாணத்தின் மேல் முளைக்காது. மட்கும் புல்வேர்தான் அதன் உணவு. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை.

மரம் தின்பவை தனிக் கூட்டம். சைலோசைபி சயனெசென்ஸ் 1946இல் லண்டன் கியூ தோட்டத்து மாதிரியிலிருந்து விவரிக்கப்பட்டது. பூங்காக்களில் மரச்சீவல் பரப்பும் வழக்கத்தோடு அதுவும் நகரங்களுக்குள் பரவிவிட்டது. சைலோசைபி அசூரெசென்ஸ் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில், மணல்மேட்டுப் புல்லுக்கு நடுவே கிடக்கும் மரக்கழிவில் வளரும்.

ஆபத்தும் அங்கேதான். கலெரினா மார்ஜினேட்டா என்ற நச்சுக்காளானுக்கும் மட்கும் மரமே இரை. சைலோசைபி சயனெசென்ஸுடன் ஒரே மரச்சீவலில் கலந்து முளைக்கும். கலெரினாவில் இருப்பது அமடாக்சின், கல்லீரலை அழிக்கும் நஞ்சு. சைலோசைபியின் வித்துத்தூள் கருஊதா, கலெரினாவினுடையது துருப்பழுப்பு. ஆனால் வித்துத்தூள் சோதனை ஒரு காளானுக்குத்தான் பதில் சொல்லும், கைப்பிடியளவு காளானுக்கு அல்ல. நசுக்கினால் நீலமாவதும் சான்றாகாது: சைலோசைபினிலிருந்து வரும் சைலோசின் ஆக்சிஜனேற்றம் அடைவதால் சைலோசைபி நீலமாகிறது, பொலீட்டஸ் என்ற வேறு காளான் வகைகள் சில வேறு வேதிப்பொருளால் நீலமாகின்றன. கொடைக்கானலில் மேஜிக் காளான் என்ற பெயரில் கைமாறும் உலர்ந்த துண்டைப் பார்த்து யாரும் இனம் சொல்ல முடியாது. தவிர, இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது.

யாராவது அடையாளம் தெரியாத காளானைச் சாப்பிட்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. அமடாக்சினில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேலாகும். பிறகு குணமானதுபோல் ஒரு இடைவெளி வரும், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மிச்சக் காளானைக் காகிதப் பையில் போட்டு, சாப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், சீக்கிரம் அழுகி அடையாளம் போய்விடும்.