சீறும் சிலிண்டரும் திணறும் ரெகுலேட்டரும்: டைவிங் படகுக் கேள்வி பதில்

அந்தமானில் ஹேவ்லாக் பக்கம் டைவிங் படகுகளில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். மீன், பவளம் பற்றிய கேள்விகளை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று கருவிக் கோளாறும் படகில் நேரும் கோளாறும் மட்டும்.

சென்னையிலிருந்து: அக்கா, சிலிண்டரைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று சீறியது. திருகை இன்னும் இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. படகுப் பையன் வந்து ஒரே நிமிடத்தில் சரிசெய்துவிட்டான். என்ன செய்திருப்பான்?

ஓ-ரிங்கை மாற்றியிருப்பான். ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அளவில் வாய்க்குத் தரும் கருவி. வால்வின் மேல் கவ்வி உட்காரும் யோக் வகை ரெகுலேட்டரில் காற்றை அடைத்து நிறுத்துவது அந்தச் சின்ன ரப்பர் வளையம்தான். அது சிலிண்டர் வால்வின் முகத்தில் இருக்கிறது. வெயிலும் உப்பும் தின்று, தினமும் கழற்றி மாட்டி, ஒரு நாள் வெடித்துவிடும். திருகை இறுக்கினால் வளையம் இன்னும் பிதுங்கும். வால்வை மூடுங்கள், ரெகுலேட்டரின் வாய்ப் பகுதியில் இருக்கும் பர்ஜ் பொத்தானை அமுக்கி மிச்சக் காற்றை வெளியே விடுங்கள், அப்புறம் கழற்றுங்கள். புது வளையம் இல்லாத நாளில் முதல் டைவில் காலியான சிலிண்டரிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுச் சமாளித்திருக்கிறோம். கத்தியால் மட்டும் நோண்டாதீர்கள். வளையம் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது வளையம் போட்டாலும் கசியும். ஒரு டீ விலைகூட இல்லாத பொருள், நாலைந்து வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.

கோவையிலிருந்து: 18 மீட்டரில் மூச்சு இழுக்கும்போதெல்லாம், சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள் சரிந்து மறுபடி ஏறியது. இழுக்கவும் கஷ்டமாக இருந்தது. படகில் நன்றாகத்தான் வந்தது. கேஜ் கெட்டுவிட்டதா?

கேஜைக் குறை சொல்லாதீர்கள், அது உண்மையைத்தான் சொன்னது. உங்கள் வால்வு முழுதாகத் திறந்திருக்கவில்லை.

'முழுக்கத் திற, பிறகு கால் சுற்று திரும்ப மூடு' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. நீங்கள் திறந்து வைத்ததை, உதவுகிறேன் என்று வரும் இன்னொருவர் எந்தப் பக்கம் திருகுகிறோம் என்று தெரியாமல் முழுக்க மூடிவிட்டு, கால் சுற்று திறந்துவிட்டுப் போவார். மேலே அந்த இடுக்கு போதும். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார், அதாவது ஒரு மூச்சுக்கு மேலே இழுப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு காற்று சிலிண்டரிலிருந்து வந்தாக வேண்டும். இடுக்கு வழியாக அவ்வளவு வராது. முள் ஆடுவது அதனால்தான்.

எனக்கே நடந்திருக்கிறது, அதுவும் பயிற்றுநர் ஆன பிறகு. துணையாக வந்தவர் என் முதுகுப் பக்கம் கைவிட்டு வால்வைத் திறந்துவிட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அன்றோடு அந்தக் கால் சுற்றை விட்டேன். திறந்தால் முழுக்கத் திற, மூடினால் முழுக்க மூடு. குதிக்கும் முன் ரெகுலேட்டரை வாயில் வைத்து, கேஜைப் பார்த்தபடியே நாலு மூச்சு நன்றாக இழுங்கள். முள் அசையக் கூடாது. பொத்தானை அமுக்கி 'உஸ்' என்று சத்தம் கேட்டதும் சரி என்று கிளம்புகிறார்களே, அது சோதனையே இல்லை.

நிலாவெளியிலிருந்து: வாடகைக்கு எடுத்த, காற்று நிரப்பி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட் தண்ணீருக்குள் தானாகவே ஊதத் தொடங்கிவிட்டது. பலூன் மாதிரி மேலே வந்து சேர்ந்தேன். என்ன செய்திருக்க வேணும் அக்கா?

ஒரு கையால் காற்றுப் போக்கும் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேணும், மறு கையால் ஜாக்கெட்டுக்குக் காற்று வரும் ஹோஸைக் கழற்ற வேணும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. ஊதும் பொத்தானுக்குள் உப்பு உறைந்து, அமுக்கினது திரும்பி வராமல் சிக்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். நல்ல தண்ணீரில் அலசாத வாடகை ஜாக்கெட்டுகளின் நிரந்தர வியாதி இது. படகிலேயே நாலைந்து தடவை அமுக்கிவிட்டுப் பாருங்கள், கையை எடுத்ததும் காற்று நிற்கிறதா என்று. தண்ணீருக்குள் ஹோஸைக் கழற்றுவதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேணும். அப்படி வேகமாக மேலே வந்த நாளில் இரண்டாவது டைவ் வேண்டாம். மூட்டு வலி, மரத்துப்போதல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே சொல்லி ஆக்சிஜன் வாங்குங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: சிலிண்டர் காற்றில் டீசல் வாடை வந்தது. "கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்" என்றார் கைடு. இறங்கியிருக்கலாமா?

கூடவே கூடாது. அந்தப் பதிலைச் சொன்னவரோடு இனிப் போகவும் வேண்டாம்.

கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் இன்ஜின் அல்லது ஜெனரேட்டர் புகை வந்தால், அதுவும் சேர்ந்துதான் சிலிண்டருக்குள் போகும். காலையில் சரியாக இருந்த குழாய், மதியம் காற்று திசை மாறியதும் புகையைக் குடிக்கத் தொடங்கும். டீசல் வாடை மூக்குக்குத் தெரிகிறது. அதோடு வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு அது. ஆழத்தில் ஆக்சிஜன் அழுத்தமும் கூடுவதால் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, மேலே ஏறும்போது தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வரலாம். கடலுக்குள் மயங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாடை வந்தால் அந்தச் சிலிண்டரோடு, அதே நேரத்தில் நிரப்பிய எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். பணம் கட்டியாயிற்றே என்று யோசிக்காதீர்கள். வாடை இல்லை என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. கார்பன் மோனாக்சைடைக் காட்டும் கையடக்க சி.ஓ. மீட்டர் கிடைக்கிறது, அடிக்கடி போகிறவர்கள் வாங்கலாம்.

மதுரையிலிருந்து: நாங்கள் மேலே வந்தபோது படகைக் காணோம். 40 நிமிடம் மிதந்தோம். இன்ஜின் மக்கர் என்றார்கள். ஆளையே விட்டுவிட்டுப் போவதும் உண்டா?

உண்டு. 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பிவிட்டது. இரண்டு நாள் கழித்து, படகில் கிடந்த அவர்களது பையைப் பார்த்த பிறகுதான் ஆள் குறைகிறது என்பதே தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு குயின்ஸ்லாந்தில் தலை எண்ணும் விதிகளை இறுக்கினார்கள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பது எண்ணிக்கை ஆகாது, யாராவது ஒருவர் "ஆச்சு" என்று சொல்லிவிடுவார். பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து எண்ண வேண்டும். உங்கள் பங்குக்கு ஊதி நிமிர்த்தும் மிதவைக் குழாயும் விசிலும் எப்போதும் உடம்போடு இருக்கட்டும். அலைக்கு நடுவில் தலை மட்டும் தெரிந்தால் தேங்காயா ஆளா என்று படகுக்காரரால் சொல்ல முடியாது.

பெங்களூரிலிருந்து: படகிலேயே தங்கும் பயணம் போகிறேன். டார்ச், கேமரா பேட்டரிகளை இரவில் சார்ஜ் போடலாமா?

ஆள் விழித்திருக்கும் நேரத்தில், திறந்த தளத்தில் போடுங்கள். படுக்கும் அறையில் வேண்டாம். 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். நெருப்பின் மூலம் உறுதியாகவில்லை, பேட்டரி சார்ஜிங் மீதும் சந்தேகம் இருந்தது. உறுதியான விஷயம், இரவில் ரோந்து சுற்ற ஆளை வைக்கவில்லை. கீழ்த்தளத்தில் படுத்திருந்தவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தும், இரண்டுமே தீப்பிடித்த அதே மேலறைக்குள்தான் திறந்தன. ஏறியதும் இரண்டே கேள்வி கேளுங்கள்: இரவு யார் விழித்திருப்பார்? இரண்டாவது வழி எங்கே திறக்கிறது? பதில் சொல்லத் தயங்கினால் மேல்தளத்தில் பாயை விரித்துவிடுங்கள்.

திருச்சியிலிருந்து: படகு ஆடியதில் நிறுத்தி வைத்த சிலிண்டர் சாய்ந்து கால் கட்டைவிரலில் விழுந்தது. நகம் போய்விட்டது. மறுபடி எப்போது இறங்கலாம்?

சாதாரண அலுமினிய சிலிண்டரே 14 கிலோ, எலும்பு முறிந்திருக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுங்கள். காயம் ஆறி, காலில் துடுப்பு (ஃபின்) மாட்டி நடக்க வலி இல்லாவிட்டால் இறங்கலாம். அடுத்த முறை சிலிண்டரைக் கட்டிவையுங்கள், இல்லையென்றால் படுக்க வைத்துவிடுங்கள்.