எறும்பைப் பார்க்காத எறும்பு ஆய்வாளர்

வணக்கம் சார்,

பெங்களூரில் எறும்புகளின் பரிணாமம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இரண்டாம் ஆண்டு. நாள் முழுக்க மரபணு வரிசைகளைக் கணினியில் ஒப்பிடுவதுதான் வேலை. உயிருள்ள எறும்பைப் பார்ப்பது ஹாஸ்டல் சர்க்கரை டப்பாவில் மட்டும். பெரிய கண்டுபிடிப்பெல்லாம் எறும்பு நிபுணர் எட்வர்ட் வில்சன் காலத்தோடு முடிந்துவிட்டது, மிச்சம் கணக்குப் போடுவதுதான் என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டைபண்ட், வழிகாட்டி, வீட்டு நிலைமை என்று நீங்கள் எழுதாத காரணங்கள் இருந்தால் அது உங்கள் முடிவு. எழுதியிருக்கும் காரணத்தை நான் ஏற்கவில்லை.

வில்சனிடமிருந்தே தொடங்குவோம். 1967ல் அவரும் கார்ப்பென்டரும் பிரௌனும், நியூ ஜெர்சியில் கிடைத்த அம்பருக்குள் (கல்லாக இறுகிய பழைய மரப்பிசின்) இருந்த ஸ்பீகோமிர்மா என்ற அழிந்துபோன எறும்பை விவரித்தார்கள். சுமார் ஒன்பது கோடி ஆண்டுப் பழையது, பாதி குளவி, பாதி எறும்பு. எறும்பு குளவி வம்சம் என்பதற்குக் கையில் சாட்சி கிடைத்தாயிற்று. அதோடு முடிந்ததா? பர்மா அம்பரில் இருந்து அதைவிடப் பழைய 'நரக எறும்புகள்' வந்தன. இன்றைய எறும்பு தாடையைப் பக்கவாட்டில் ஆட்டும், இவை கீழிருந்து மேலே வீசி இரையை நெற்றிக் கொம்போடு சேர்த்து நசுக்கின. அந்தக் கூட்டத்திலேயே இன்னும் பழையதாக, 11.3 கோடி ஆண்டுக்கு முந்தைய வல்கனிட்ரிஸை 2025ல் அறிவித்தார்கள். பிரேசிலின் சுண்ணாம்புக் கல்லில் பதிந்தது, சாவ் பாவ்லோ பல்கலைக்கழக மியூசியத்தின் சேகரிப்பில் சும்மா கிடந்திருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். தெற்கு ஐரோப்பாவில் மெஸ்ஸார் ஐபெரிகஸ் என்ற தானியம் சேர்க்கும் எறும்பு இருக்கிறது. மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேலைக்கார எறும்புகள் எல்லாம் கலப்பு, அப்பன் மெஸ்ஸார் ஸ்ட்ரக்டர் என்ற வேறு இனம். சிசிலியில் அந்த இனத்தின் புற்றே அக்கம்பக்கத்தில் கிடையாது, பிறகு அப்பன் எங்கிருந்து வந்தான்? ராணியே பெற்றுக்கொள்கிறாள்! உடலில் சேமித்த விந்தணுவைக் கொண்டு அந்த வேற்றின ஆணை நகலெடுத்து முட்டையிடுகிறாள். செல்லுக்குள் தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா மட்டும் அவளுடையது. ஐம்பது லட்சம் ஆண்டுக்கு முன்பே பிரிந்த இரண்டு இனங்கள், ஒரே தாய் வயிற்றில். 2025ல்தான் இது வெளிவந்தது. புற்றங்கரையில் உட்கார்ந்து எத்தனை வருடம் பார்த்தாலும் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, நீங்கள் சலித்துக்கொள்ளும் அதே வரிசைகளில் ஒன்று பொருந்தாமல் போனதால் எழுந்தது.

ஆனால் சர்க்கரை டப்பா விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். எறும்பைப் பார்க்காமல் இருப்பது அநியாயம், அதுவும் தென்னிந்தியாவில் இருந்துகொண்டு. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1851ல் விவரித்த ஹார்பெக்னேதஸ் சால்டேட்டர் என்ற எறும்பு உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெரிய கண், நீண்ட தாடை, இரையைக் கண்டால் பாய்ச்சல். ராணி செத்தால் வேலைக்காரிகள் உணர்கொம்பால் வாரக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள், ஜெயித்தவர்கள் முட்டையிடத் தொடங்குவார்கள், அவர்கள் மூளை சுமார் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்தப் பதவியிலிருந்து இறக்கினால் மூளை மறுபடி வளர்கிறது என்று 2021ல் காட்டியிருக்கிறார்கள். (நம் ஊர்ப் பதவிகளில் இரண்டாவது பாதி நடந்ததாக எனக்குத் தகவல் இல்லை.)

களப்பணிக்குப் போகும் சக மாணவர் யாரோடாவது ஒரு வாரம் தொற்றிக்கொள்ளுங்கள். இந்த எறும்பு பகலில் தனியாக வேட்டைக்கு வரும், பார்ப்பது சுலபம். கொட்டும், ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.