நிற்காமல் கடந்துபோகும் நிலையம்

வணக்கம் ஐயா,

84-இல் கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே போய்ச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். நீங்களும் அந்த வழியால் வந்தவர் என்று உங்கள் கட்டுரையில் படித்தேன். நாலு வருடம் இரவுகளில் உணவகம் உணவகமாக ஏறி இறங்கி ரோசாப்பூ விற்றேன். 88-இல் கனடாவுக்கு வந்தபிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இந்தக் கோடைக்குப் போக டிக்கெட் போட்டிருக்கிறேன். "ஊருக்குப் போகாமல் அங்க என்னத்துக்கு? அது என்ன உங்கட ஊரே?" என்று மனைவி கேட்கிறா. எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் இருந்த பெர்லின் இப்போதும் இருக்குமா?

ஒரு வாசகர், ஸ்கார்பரோ

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இராது.

நான் 89 தொடக்கத்தில் லண்டனுக்கு வந்துவிட்டேன். அதே வருடம் நவம்பரில் சுவர் விழுந்ததைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். திரும்பிப் போனது 2022-இல். முதல் வேலையாக, மேற்கு பெர்லினின் குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில் நாங்கள் ஆறு பேர் படுத்தெழும்பிய அறையைத் தேடிப் போனேன். அது பிழை. கதவில் வேறு பெயர்கள், சுவரில் புது வர்ணம். பத்து நிமிடம் நின்றும் மனதில் ஒன்றும் அசையவில்லை.

அசைந்தது, கிழக்கிலிருந்து மேற்கே கடக்கும் வழியாக இருந்த ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே ரயில் நிலையத்தில். மேற்கே போகிறவர்களைச் சோதித்து அனுப்பிய கண்ணாடி மண்டபம் நினைவிருக்கிறதல்லவா? 'கண்ணீர் மாளிகை' என்று பெர்லின்காரர் சொல்வார்கள். 2011 முதல் அது அருங்காட்சியகம், கட்டணம் இல்லை. கடவுச்சீட்டு பார்த்த ஒடுங்கிய கூண்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதற்குள் கால் வைத்ததும் என் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பின்னால் காத்து நின்றது. என்னால் நகர முடியவில்லை. 83 கலவரத்தில் எரிந்த வீட்டிலிருந்து அம்மா எடுத்துவந்த தாலிக்கொடியை விற்ற காசில் வந்தவன் நான். அந்தக் கூண்டில் நின்ற இருபத்திரண்டு வயதுப் பெடியனின் பயம் அத்தனை வருடமும் அங்கேயே காத்திருந்ததுபோல் இருந்தது.

கூண்டைத் தாண்டினால் மேற்குப் பக்கத்தில் நம்மை மறிக்க ஆளில்லை. அதை ஒரு நாட்டெல்லையாக மேற்கு ஏற்கவில்லை. ஏற்றால் பிரிவினையையே ஏற்றதாகிவிடும். அதனால் அங்கே கடவுச்சீட்டுக் காவல் வைக்கவில்லை. இரண்டு வல்லரசுகளின் வழக்குக்கு நடுவே கிடந்த அந்த இடைவெளியால் நுழைந்துதான் நம்மில் எத்தனையோ பேர் உயிர் தப்பினோம். இதை நம் பிள்ளைகளுக்கு நாம் சரியாகச் சொல்லவில்லை என்ற கவலை எனக்கு உண்டு.

பிறகு கீழே இறங்கி யூ-6 என்ற நிலத்தடி ரயிலை எடுத்தேன். மேற்கின் ரயில் கிழக்கின் அடியால் போகும்போது, நிற்காமல் கடந்த நிலையங்கள் நினைவிருக்கும்: மங்கிய வெளிச்சம், துவக்கோடு ஒரு காவலாளி. அவற்றில் ஒன்று ஃபிரான்சோசிஷ ஸ்ட்ராசே. 1961-இல் மூடி, 1990-இல் திறந்தார்கள். பக்கத்தில் உன்டர் டென் லிண்டன் என்ற புது நிலையம் வந்ததால் 2020 டிசம்பரில் மறுபடி மூடிவிட்டார்கள். எனக்கு இது தெரியாது. சன்னலோரம் இருந்தபோது ரயில் நிற்காமல் ஒரு வெறும் நடைமேடையைக் கடந்தது. பெட்டியில் யாரும் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. நான் எழும்பி நின்றுவிட்டேன்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அவ கேட்பதில் நியாயம் இருக்கிறது. 'ஊர்' என்ற சொல்லைப் பிறந்த மண்ணுக்கென்றே வைத்திருக்கிறோம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் உயிர் தப்பி வந்து, ஜீப் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் முதல் முதலாக விடியும்வரை நித்திரை கொண்ட இடத்துக்கு நம்மிடம் சொல்லே இல்லை. அப்படியொரு இடம் உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது. அதைப் போய்ப் பார்ப்பது ஊருக்குச் செய்யும் துரோகமாகாது. முடிந்தால் அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பூ வாளியோடு நீங்கள் நடந்த தெருக்களை இரவில் காட்டுங்கள், பகலில் வேண்டாம்.

யூ-6இல் தெற்கே போகும் ரயிலில் ஏறுங்கள். உன்டர் டென் லிண்டன் தாண்டியதும் இருவரும் சன்னலைப் பாருங்கள். சில நொடிகள்தான்.

அன்புடன்.